மண்டபத்துச் சரிகை

போன சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது.

எங்கள் தெருவில் ஜீப் நின்றால் இரண்டே காரணம்தான். அம்மை குத்த வந்திருப்பார்கள். இல்லாவிட்டால் ஓட்டுக் கேட்க வந்திருப்பார்கள். இறங்கியவர் கையில் ஊசியும் இல்லை, முகத்தில் அந்தச் சிரிப்பும் இல்லை. மூக்குக்கண்ணாடி, தோளில் கான்வாஸ் பை, காலில் சேறு படிந்த பூட்ஸ். தெருவில் யாரிடமோ விசாரித்துவிட்டு நேராக எங்கள் வீட்டைப் பார்த்து நடந்து வந்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. வாசகர்! மெட்ராஸிலிருந்து ஜீப் எடுத்துக்கொண்டு வந்திருக்கிற வாசகர்!

உள்ளே ஓடினேன். சலவைச் சட்டை, தலைக்கு ஒரு சீப்பு, கையில் பேனா. எழுத்தாளன் எழுதிக்கொண்டிருக்கும்போது வந்து தொந்தரவு செய்துவிட்டோமே என்று அவர் சங்கடப்பட வேண்டாமா?

"சார், செண்பகம் அம்மா வீடு இதுதானே?"

என்ன சொல்வது? வாரா வாரம் பத்திரிகையில் பத்தி எழுதுகிறேன். தபால் தலை அளவுக்கு என் போட்டோகூடப் போடுகிறார்கள். "ஆமாம்... நான் அவங்க வீட்டுக்காரர்" என்றேன். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் இப்படி என்னை நானே அறிமுகம் செய்துகொண்டது அன்றுதான் முதல் தடவை. சட்டை வீண்.

"நான் மெட்ராஸ் காலேஜ்ல விலங்கியல் புரொபசர். அவங்க வௌவால் நோட்டுப் பத்தி ஒரு ஸ்டூடன்ட் சொன்னான். பார்க்கணும்."

உள்ளே தறிக்குழியிலிருந்து குரல் வந்தது. "யாருங்க அது?"

"உன்னைப் பார்க்க மெட்ராஸ்லேர்ந்து புரொபசர் வந்திருக்காரு!"

"குந்தச் சொல்லுங்க. கரை போட்டுக்கினு இருக்கேன். பாதியில வுட்டா கோணிக்கும். ஒரு சாண் முடிச்சிட்டு வரேன்."

புரொபசர் குந்தினார். நான் காபி போட்டேன். அவள் அந்த ஒரு சாணை முடிக்கட்டும். அதற்குள் அவர் ஏன் வந்தார் என்ற கதையை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இதில் நான்தான் முட்டாள். என் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இது ஒன்றும் புதிதாக இருக்காது...

கதை இரண்டு வருஷம் பழசு. ஐப்பசி மாதம், அடைமழை.

எங்கள் ஊரில் பாவு போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? நாலைந்து சேலைக்கான பட்டு இழைகளை ஒன்றாகச் சேர்த்துத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள். சிக்கெடுக்க வேண்டும், அறுந்த இழையை ஒட்ட வேண்டும். பத்துப் பதினைந்து கைகளாவது தேவை. யார் வீட்டுப் பாவாக இருந்தாலும் தெருவே வந்து கை கொடுக்கும். கூலி, நன்றி எதுவும் கிடையாது. இன்றைக்கு உன் பாவு, நாளைக்கு என் பாவு — அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் தெரு உதவாது. அப்போது குளக்கரையில் இருக்கிற பழைய கல் மண்டபம்தான் கதி. நீளமான மண்டபம், வரிசையாகத் தூண்கள், மேலே இருட்டில் வௌவால்கள். பட்டின் மேல் எச்சம் விழுந்தால் கறை போகாது. அதனால் முதல் நாளே ஒருவர் போய்த் தரையைப் பெருக்கி, பாவு வரும் இடத்துக்கு மேலே பழைய வேட்டிகளைக் கட்டிவிட்டு வர வேண்டும். முறை வைத்துச் செய்கிற வேலை. என் மனைவி செண்பகம் எல்லோருடைய முறையையும் தானே எடுத்துக்கொண்டாள். நல்ல மனசு என்று தெருவே பாராட்டியது. நானும் பாராட்டினேன். பாவு இல்லாத நாட்களிலும் பொழுது சாயும் நேரத்தில் "மண்டபம் வரைக்கும் போயிட்டு வரேங்க" என்று கிளம்புவாள். குளக்கரைப் பிள்ளையாருக்கு வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டேன். மனைவி எங்கே போகிறாள் என்று கேட்காத கணவன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

ஒரு லீவு நாளில் சர்க்கரை டப்பாவைத் தேடினேன். துவரம்பருப்பு டின்னுக்குப் பின்னால், துணி சுற்றிய ஊறுகாய் பாட்டில் ஒன்று கையில் தட்டுப்பட்டது. பிரித்து ஜன்னல் பக்கம் பிடித்தேன்.

உள்ளே தகதகவென்று பொன் துகள்! சில துகள்களில் பச்சை ஓடியது, சிலவற்றில் தாமிர நிறம். பாட்டிலில் பாதி இருந்தது.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் ஏதோ பொம்மைக்கு ஒட்டுகிற ஜிகினா என்று நினைத்திருப்பான். காஞ்சிபுரத்தானுக்குப் பளபளவென்று எதைக் கண்டாலும் ஒரே எண்ணம்தான் வரும். சரிகை!

நெசவாளி கையில் இருக்கும் சரிகை அவனுக்குச் சொந்தமில்லை. கடைக்காரர் நம்பிக் கொடுப்பது. அந்த நம்பிக்கையில்தான் தறி ஓடுகிறது. செண்பகத்தின் அப்பா, நெய்து முடித்த சேலையோடு விரல் நீளத் துண்டுச் சரிகையைக்கூடக் காகிதத்தில் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். செண்பகமும் அப்படியே. அந்தக் காகிதப் பொட்டலத்தை எத்தனையோ தடவை நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் வீட்டில், துணி சுற்றி, பருப்பு டின்னுக்குப் பின்னால்...

நேரே தறிக்குப் போய், "செண்பகம், இது என்ன?" என்று கேட்க வேண்டியதுதானே? நீங்கள் கேட்டிருப்பீர்கள். நான் கேட்கவில்லை. "மனம் விட்டுப் பேசுங்கள்" என்று இதே பக்கத்தில் மூன்று வாரம் எழுதியவன் நான்! ஒரு சிட்டிகையை பஸ் டிக்கெட்டில் மடித்துக்கொண்டு, திருடன் மாதிரி நழுவினேன்.

சரிகைக் கடை கோவிந்தய்யாவை ஊரில் எல்லோருக்கும் தெரியும். செண்பகத்துக்குச் சரிகை கொடுக்கிறவர் அவர்தான். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ். கோபம் வந்தால் இரண்டும் வரும். லென்ஸை வைத்து ஒரு பார்வை பார்த்தார். கடையில் நாலு பேர் இருந்தார்கள்.

"பழைய சரிகை சார் இது. யாரோ நூல் மேலேர்ந்து உரிச்சிருக்காங்க. செம்பு ஜாஸ்தி, ஈரத்துல பச்சை பூத்துட்டுது. இது எங்க கெடைச்சுது?"

வீட்டில் என்று சொல்ல முடியுமா? மனைவியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, வாயில் வந்ததைச் சொன்னேன். "குளக்கரை மண்டபத்துல... கீழே கிடந்துது."

என் புத்திசாலித்தனத்தைப் பாருங்கள். மத்தியானத்துக்குள் "மண்டபத்துல யாரோ சரிகை உரிக்கிறாங்க" என்று தெரு பேசியது. சாயங்காலம் தெரு அடுத்த கேள்விக்கு வந்துவிட்டது. தினமும் மண்டபத்துக்குப் போகிறவர் யார்?

மறுநாள் நாட்டாண்மை சின்னசாமி வீட்டுப் பாவு. தெருவின் பெரிய மனிதர் அவர், நல்லவர்தான். மண்டபத்தில் எல்லோரும் கூடிவிட்டார்கள். கோவிந்தய்யாவும் குடையோடு வந்திருந்தார். செண்பகம் வழக்கம்போல் புடவையைச் செருகிக்கொண்டு, பாவில் கை வைக்கப் போனாள்.

"செம்பகம், நீ இன்னிக்கு கை வைக்காதம்மா" என்றார் நாட்டாண்மை. "கொஞ்சம் தள்ளி நில்லு."

"இன்னா ஆச்சுப்பா?"

"ஒரு பேச்சு ஓடிக்கினு இருக்குது. மண்டபத்துல சரிகை உரிச்ச தூளு கெடக்குதாம். கோவிந்தய்யாவே பார்த்துச் சொல்லிட்டாரு. இங்க டெய்லி வர்றது நீதான். இது தீர்ற வரைக்கும் உனக்கு யாரும் சரிகை குடுக்க வாணாம்னு சொல்றாங்கம்மா."

சரிகை வராவிட்டால் தறி நிற்கும். அதை எப்படியாவது சமாளித்துவிடலாம். ஆனால் பாவில் கை வைக்காதே என்று ஒருத்தியைப் பார்த்துச் சொல்லிவிட்டால், அது அவள் ஆயுசுக்கும் தெருவில் நிற்கும். அவள் அப்பா மடித்துக் கொடுத்த பொட்டலங்கள் எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடிபட்டுப் போகும். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது தூணுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கும் தெரியும். அப்போதாவது வாயைத் திறந்தேனா? தூணை இன்னும் ஒட்டி நின்றுகொண்டேன்.

செண்பகம் அழவில்லை. நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள். இடுப்புச் செருகலை ஒரு தடவை சரிசெய்தாள்.

"சரிப்பா. யாரு வீட்டுச் சரிகை காணாம போச்சு?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சொல்லுங்க. உங்க வீட்டுதா? உங்க வீட்டுதா? அய்யா, உங்க கடையில ஏதானா குறைஞ்சுதா?"

கோவிந்தய்யா குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். ஒருவர் வீட்டிலும் ஒரு இழைகூடத் தொலையவில்லை! ஒரு நாள் முழுக்கத் திருடனைத் தேடியிருக்கிறோம்; என்ன திருட்டுப் போனது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நம் எல்லோருக்குமே இந்த வியாதி கொஞ்சம் இருக்கிறது, இல்லையா?

"அய்யா, உங்க சரிகை ஒரு துண்டு குடுங்க. யாருகிட்டயாவது தீப்பெட்டி இருக்குதா?"

சரிகையைச் சோதிக்க எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த வழி அது. நல்ல சரிகை என்பது பட்டு நூலின் மேல் சுற்றிய வெள்ளி. நெருப்பில் காட்டினால் உள்ளே இருக்கும் பட்டு கருகிவிடும். வெள்ளி மட்டும் மெல்லிய சுருளாக நிற்கும். கோவிந்தய்யா கொடுத்த துண்டு அப்படியே நின்றது. பிறகு செண்பகம் குனிந்து, தூண் ஓரத்திலிருந்து பளபளவென்று ஒன்றைப் பொறுக்கி நெருப்பில் காட்டினாள்.

அது சுருண்டது. புகைந்தது. நகம் கருகுகிற வாடை அடித்தது. கடைசியில் அவள் விரலில் மிஞ்சியது கரி மட்டும்தான்.

"தேவுடா!" என்றார் கோவிந்தய்யா. நாற்பது வருஷம் சரிகை பார்த்த கண். பாவம், எதைப் பார்த்தாலும் அதற்குச் சரிகையாகத்தான் தெரியும்.

"அப்ப இது இன்னாதும்மா?" என்றார் நாட்டாண்மை.

"டார்ச்சு எடுத்துக்கினு வாங்க, காட்டுறேன்."

மண்டபத்தின் கோடியில் ஒரு இருட்டு அறை உண்டு. பாவு அதுவரை எட்டாது என்பதால் யாரும் அங்கே போவதில்லை. டார்ச் வெளிச்சம் தரையில் விழுந்ததும் எல்லோரும் முண்டியடித்து எட்டிப் பார்த்தார்கள். சின்னக் குவியலாகப் பொன்வண்டு இறக்கைகள்! பச்சையும் பொன்னுமாகச் சிதறிக் கிடந்தன. நடுவே அந்துப்பூச்சி இறக்கை, வெட்டுக்கிளிக் கால், ஒரு தவளைக் காலும்கூட.

"மேல பாருங்க. சத்தம் போடாதீங்க, குட்டி இருக்குது."

மேலே ஏழெட்டு வௌவால்கள். முகத்தைவிடப் பெரிய காதுகள், இரண்டும் நடுவில் ஒட்டிக்கொண்டிருந்தன. "இதுங்க பேரு கமுக்கக்காரி. நான் வெச்ச பேருதான். மத்த வவ்வா எல்லாம் பறக்குற பூச்சியைத் துரத்திப் புடிக்கும். இது அப்படி இல்லப்பா. காதை வெச்சுக்கினு கேட்டுக்கினே இருக்கும். இலை மேல பூச்சி நகர்ற சத்தம் கேட்டா போதும், கொத்திக்கினு இங்க வந்து தொங்கிக்கினு, ரெக்கையை உதுத்துட்டு உடம்பைத் தின்னும். அந்த ரெக்கைதான் உங்க சரிகை."

"வவ்வா பழந்தானேம்மா திங்கும்?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது குளத்து மேட்டு மரத்துல தொங்குதே, பெருசு, அது. இங்க இருக்குற ஒண்ணும் பழத்தைத் தொடாது. எல்லாம் பூச்சிதான். நம்ம ஊரு கொசுவை வேற யாரு திங்கிறாங்கன்னு நெனைச்சீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டுக் கொய்யாவை மண்டபத்து வௌவால்கள் தின்று தீர்க்கின்றன என்று முன்பு ஒரு வாரப் பத்தி முழுக்க இங்கே புலம்பியிருந்தேன். அந்தச் சிறு பிராணிகளிடம் இப்போது பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பாவை மறந்துவிட்டு எல்லோரும் அவள் பின்னாலேயே நடந்தார்கள். இரண்டாவது தூண் வரிசையில் இருந்தவற்றின் மூக்கில் இலை மாதிரி ஒரு மடிப்பு இருந்தது. அவற்றுக்கு அவள் வைத்த பெயர் மூக்குப்பூ. நூற்றுக்கணக்கில் இருந்தாலும் ஒன்றோடொன்று இடிக்காமல், இடம் விட்டு விட்டுத் தொங்குகின்றன. எங்கள் ஊர் பஸ்ஸில் ஏற்றிப் பாடம் எடுக்க வைக்கலாம்! சுவர் இடுக்கில் ஒரு கும்பல்; அவை தொங்காமல் சுவரில் பல்லி மாதிரி அப்பிக்கொண்டிருந்தன. சிலவற்றின் மோவாயில் கறுப்புத் தாடி. அந்தக் கும்பலுக்குப் பெயர் தாடிக்காரர். மேல்விதானத்து விரிசலுக்குள் எலி வால் போல நீள வால் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தவள் வால்காரி.

"இதெல்லாம் உனக்கு யாரும்மா சொல்லிக்குடுத்தாங்க?" என்று கேட்டார் நாட்டாண்மை.

"பெருக்கச் சொன்னீங்களே, பெருக்கினேன். ஒவ்வொரு தூணுக்குக் கீழயும் எச்சம் வேற வேறயா கெடந்துது. ஒண்ணு அரிசி மாதிரி, ஒண்ணு தூளா, ஒண்ணு நீட்டமா, ஒண்ணு மினுக்கிக்கினு. ஒரே ஆளு நெய்தா ஒரே மாதிரி இருக்கணும் இல்ல? சரி, நெய்றவங்க நாலு பேருன்னு தோணிச்சு. நிமிர்ந்து பார்த்தேன்."

அப்புறம் அவள் கோவிந்தய்யாவின் பக்கம் திரும்பினாள். "அய்யா, இதைச் சரிகைன்னு உங்ககிட்ட மொதல்ல கொண்டாந்தது யாரு?"

கோவிந்தய்யா சொல்லவில்லை. கண்ணியமான மனிதர். ஆனால் அவர் கண் மூன்றாவது தூணுக்குப் போய்விட்டது. அதோடு மண்டபமே என்னைப் பார்த்தது.

"நான்தான்" என்று வெளியே வந்தேன். யாராவது சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள் செண்பகம். நாட்டாண்மை கொஞ்சம் நகர்ந்து, "வாம்மா, இந்தப் பக்கம் நீ புடி" என்று பாவில் இடம் விட்டார். அவள் போய்க் கை வைத்தாள். அந்த நிமிஷம் எனக்கு நிம்மதியும் வெட்கமும் பெருமையும் ஒன்றாக வந்தன. அந்தக் கைகளையா சந்தேகப்பட்டேன்!

வீட்டில் மூன்று நாள் சாப்பாடு நேரத்துக்கு வந்தது, பேச்சு வரவில்லை. நாலாம் நாள் சாயங்காலம், "சும்மாதானே இருக்கீங்க, கிளம்புங்க" என்றாள்.

குளக்கரையில் உட்கார்ந்தோம். பாட்டிலை ஏன் ஒளித்து வைத்தாய் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். "மினுக்குதேன்னு பெருக்கினப்ப சேர்த்து வெச்சேன். உங்ககிட்ட சொன்னா எழுதிடுவீங்க. ஊரே இங்க வந்து கல்லெடுத்து அடிக்கும். குட்டி போட்டிருந்துச்சுங்க. வருஷத்துக்கு ஒரே குட்டிதாங்க அதுங்களுக்கு."

வெளிச்சம் முழுக்கப் போகும் முன்பே, எங்கள் தெருப் பக்கமிருந்து கட்டைவிரல் அளவில் ஒன்று வந்து தலைக்கு மேல் தாறுமாறாகச் சுற்றியது. "இது சிட்டு. நம்ம வீட்டு ஓட்டுக்குள்ளதான் குடியிருக்குது, உங்க தலைக்கு நேரா." வாடகை கேட்காமல் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன் பாருங்கள்! பிறகு தாடிக்காரர்கள் உயரத்தில் நேர்கோடாகப் போனார்கள். வால்காரிகள் ஏறி ஏறிச் சறுக்கினார்கள். அப்புறம் மூக்குப்பூ... அறுபடாத இழை மாதிரி வந்துகொண்டே இருந்தன. ஒன்றுகூடத் தூணில் மோதவில்லை, எங்கள் மேல் உரசவில்லை. நம் காதுக்கு எட்டாத சத்தத்தை அனுப்பி, அது திரும்பி வருவதைக் கேட்டே வழி கண்டுபிடிக்கின்றனவாம். கமுக்கக்காரி எல்லோருக்கும் கடைசியில், சத்தமே இல்லாமல், தாழ்வாகப் போனாள். ஒவ்வொன்றும் எப்போது, எந்தத் தூணிலிருந்து, எந்தப் பக்கம் — எல்லாவற்றையும் செண்பகம் சேலை டிசைன் போடுகிற கட்டத் தாளில் குறித்து வைத்திருந்தாள். முகங்களைக்கூடக் கட்டம் கட்டமாக வரைந்திருந்தாள். அன்றிலிருந்து பென்சில் சீவிக் கொடுப்பது என் உத்தியோகம்.

போன சனிக்கிழமை புரொபசர் கையில் போனது அந்தக் கட்டத் தாள் நோட்டுதான். ஒரு சாண் கரையை முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு செண்பகம் வந்தாள். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கமுக்கக்காரிக்கும் மூக்குப்பூவுக்கும் லத்தீனில் பெயர் சொன்னார். எனக்கு வாயில் நுழையவில்லை. வால்காரி பக்கம் வந்ததும் நிறுத்திவிட்டார்.

"இது இந்த ஊர்ல இருக்கறதா எங்க லிஸ்ட்ல இல்லையேம்மா..."

"லிஸ்ட்டுல இல்லாட்டி இன்னா சார், விரிசல்ல இருக்குது. வாங்க."

மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தவர் அப்படியே எச்சத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். கல்யாண வீட்டில் பெண்ணின் தகப்பனாருக்கு இருக்குமே, அந்த முகம். பிறகு தன் நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். நான் தலைகீழாகப் படித்தேன் — வௌவால்களோடு பழகிய தோஷம். 'முதலில் கண்டவர்: செண்பகம், நெசவாளர், காஞ்சிபுரம்.'

என் பெயர் முதன்முதலில் அச்சில் வந்த அன்று தெரு முழுக்கப் பத்திரிகையைக் காட்டிக்கொண்டு அலைந்தவன் நான். அந்தச் சந்தோஷம் இதற்குக் கால் தூசு. இந்த ஊர்க் கரை வேலையையும் முந்தி வேலையையும் உலகமே பார்க்கிறது. அந்தக் கை இப்படியும் ஒரு வேலை செய்யும் என்று யாருக்குத் தெரியும்?

கிளம்பும்போது புரொபசர், இருட்டு அறையிலிருந்து ஒரு சிட்டிகைப் பொன் துகளைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"எடுத்துக்கினு போங்க சார்" என்றாள் செண்பகம். "ஆனா அது இன்னாதுன்னு சந்தேகம் வந்தா, யாருகிட்டயும் காட்டாதீங்க. மொதல்ல என்னைக் கேளுங்க."

சொன்னது அவரிடம்தான். பார்த்தது என்னை.

இந்தப் பத்தியை எழுதுவதற்கு முன்பு — அவளை ஒரு வார்த்தை கேட்டுவிட்டேன்!